உலுக்கிப் பார்க்கும் மேடை: பூமியதிர்ச்சியும் பழங் கட்டடங்களும்

கட்டடம் கட்டுவோர் யாவரும் அது நெடுங்காலம் நிலைத்து நிற்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே கட்டுவர். ஆனால் உடைந்து போவதற்கென்றே ஒரு கட்டடத்தை ஆண்டவன் வீட்டைப் போன்ற அழகுடன் கட்டுவோரும் இவ்வுலகில் உளர் என்றால் நம்புவது அரிது. ஐரோப்பாவின் தென்கிழக்கிலே, இன்று வட மசிடோனியா என வழங்கும் சிறு நாட்டின் தலைநகர் ஸ்கொப்பியே. அந்நகரின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றினுள்ளே கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துங் கொண்டு ஒரு பள்ளிவாசல் எழுப்பப்பட்டது. அதற்கு நாற்புறச் சுவர்கள் இருந்தன, குவிமாடம் இருந்தது, அருகே ஒடிசலான மினாராவும் இருந்தது. அளவில் மட்டும் அது உண்மைப் பள்ளிவாசலின் ஆறில் ஒரு பங்கு.

கட்டி முடித்தபின் அதனை உலுக்கினார்கள். வெடித்தது. வெடித்த இடங்களைச் செப்பனிட்டு வலுவூட்டினார்கள். பின்னரும் உலுக்கினார்கள், முன்னதிலும் கடுமையாக. இஃதென்ன வேலையற்றோர் விளையாட்டு என்று வாசகர்கள் வினவக்கூடும். அதற்கு விடை காண்பதற்கு, அந்நகரத்தார் ஒரு விடியற்காலையில் அனுபவித்ததை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

ஐந்து மணி பதினேழு நிமிடம்

1963ஆம் ஆண்டு யூலை மாதம் 26ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. காலை 5 மணி 17 நிமிடத்துக்கு ஸ்கொப்பியே நகரின் அடியிலே பூமி அதிர்ந்தது. ரிச்டர் அளவில் ஆறினை ஒட்டிய அதிர்ச்சி அது. உலகம் கண்ட பூமியதிர்ச்சிகளுள் அதனைப் பெரியதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் நகரின் காலடியிலேயே, ஆழமின்றி, மக்கள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் நிகழ்ந்தமையால் விளைவு கொடிதாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகர மக்களுள் பெரும்பாலோர் வீடிழந்தனர். புகையிரத நிலையத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எஞ்சிய பகுதியின் முகப்பிலிருந்த மணிக்கூடு 5.17இல் நின்று போயிற்று. அந்த நிலையத்தை அப்படியே விட்டு நகரின் அரும்பொருட்சாலையாக்கி விட்டனர். முள்ளுகள் இன்றும் அந்த நிமிடத்தையே காட்டுகின்றன.

அக்காலத்தில் ஸ்கொப்பியே யூகோசிலாவியாவின் ஒரு பகுதி. கெடுபிடி யுத்தத்தால் இரு கூறாகப் பிரிந்திருந்த உலகம், அந்நகருக்கு உதவுவதில் மட்டும் ஒன்றுபட்டது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் உதவி குவிந்தது. ஐக்கிய நாடுகள் சபை துணை நின்றது. யப்பானியக் கட்டடக்கலைஞர் கென்சோ தாங்கே நகர மையத்துக்கு வரைபடம் வகுத்தார். இக்கட்டுரைக்கு வேண்டியது அதனினும் ஓசையின்றி நடந்த மற்றொரு காரியம். 1965ஆம் ஆண்டில், பூமியதிர்ச்சிப் பொறியியலை ஆராய்வதற்கென்றே ஒரு நிறுவனம் அந்நகரில் தொடங்கப்பட்டது. அடிபட்டவனே மருந்து தேடப் புறப்பட்டான் எனலாம்.

அடிபட்டது புதிய வீடுகள் மட்டுமன்று. ஸ்கொப்பியே மிகப் பழைய ஊர். உரோமர் காலத்தில் ஸ்கூப்பி என்ற பெயருடன் இருந்த நகரம் கி.பி. 518இல் ஒரு பூமியதிர்ச்சியால் அழிந்தது. 1555இல் மீண்டும் ஒரு பேரதிர்ச்சி. அதற்கு முன்னரே, 1492இல், கொலம்பசு மேற்கு நோக்கிக் கப்பலோட்டிய அதே ஆண்டில், முஸ்தபா பாஷா என்னும் துருக்கிய அமைச்சர் கோட்டைக்கு எதிரேயுள்ள மேட்டில் ஒரு பள்ளிவாசலைக் கட்டுவித்தார். ஒற்றைப் பெருங் குவிமாடமும், முன்மண்டபத்தின் மேல் மூன்று சிறு குவிமாடங்களும், 40 மீற்றருக்கு மேல் உயர்ந்த மினாராவும் கொண்டது அது. 1555ஐயும் கண்டது, 1963ஐயும் கண்டது. வீழவில்லை, ஆனால் காயமின்றித் தப்பவுமில்லை. அடுத்த அதிர்ச்சியையும் அது தாங்குமா? தாங்காதெனின் என்ன செய்யலாம்? அங்கு தொழுகைக்கு வருவோரின் உயிரும், ஐந்து நூற்றாண்டுக் கலைப்பொருளும் இக்கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தன.

சுவரின் பலமும் பலவீனமும்

கல்லையும் செங்கல்லையும் சாந்தால் அடுக்கி எழுப்பிய சுவர், மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதில் இணையற்றது. நூற்றாண்டுக் கணக்கில் நின்று தாங்கும். ஆனால் அதனைப் பிடித்து இழுத்தால் தாங்காது, சாந்து விட்டுக்கொடுக்கும். இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஐந்தாறு புத்தகங்களை நிரையாக நிறுத்தி, இரு கைகளாலும் இரு முனைகளையும் அழுத்திப் பிடித்துத் தூக்கினால் அவை ஒரே பலகை போல எழும். கையின் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தினால் நடுவிலுள்ள புத்தகம் நழுவி விழும். பழஞ் சுவரை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அதன் சொந்தப் பாரத்தின் அழுத்தமே. சாந்தின் ஒட்டு அதற்கு அடுத்தபடிதான்.

பூமியதிர்ச்சி இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. நிலம் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக இழுபடும்போது சுவரின் அடி நிலத்தோடு செல்கிறது, தலையோ பின்தங்குகிறது. தள்ளுதல் சுவரின் நீளவாட்டில் வந்தால் அது ஓரளவு எதிர்த்து நிற்கும். மிஞ்சினால் சாளரங்களுக்கு இடையே பெருக்கற் குறி போன்ற குறுக்கு வெடிப்புகள் விழும். தள்ளுதல் சுவரின் முகத்துக்கு நேராக வந்தாலோ, சுவர் வெளிப்புறமாகச் சரிந்து, மூலையிற் பக்கச் சுவரிலிருந்து பிரிந்து விழும். பனையோலைப் பெட்டியின் வாயைச் சுற்றி ஈர்க்கு வைத்துக் கட்டாவிட்டால் பக்கங்கள் நாலா புறமும் விரிந்து போவதில்லையா? அது போலத்தான்.

குவிமாடம் இதிலும் ஒருபடி மேலே. அசையாத நாளிலும் அது தன் அடியைச் சுற்றியுள்ள சுவர்களை வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதிர்ச்சி வந்து சுவர்கள் சற்று விலகினால் போதும், குவிமாடம் தன் பிடியை இழக்கத் தொடங்கும். மினாராவின் நிலை வேறு. அது மெலிந்து உயர்ந்தது. அடியிலுள்ள கட்டடம் ஒரு தாளத்தில் ஆடினால் இது மற்றொரு தாளத்தில் ஆடும். நேபாளத்தின் காட்மண்டு நகரிலிருந்த தரஹரா என்னும் உயர்ந்த செங்கற் கோபுரம் 1934இல் ஒரு முறையும், மீளக் கட்டியபின் 2015 ஏப்ரல் 25இல் மறுமுறையும் ஒடிந்து வீழ்ந்தது. பிந்திய வீழ்ச்சியில் கோபுரத்தின் உள்ளே ஏறியிருந்தோர் பலர் மாண்டனர்.

சிப்பாய்களின் நடை

கட்டடத்தை உலுக்கிப் பார்க்கும் எண்ணம் புதியதன்று. 1755 நொவெம்பர் 1இல் போர்த்துக்கல்லின் தலைநகர் லிஸ்பன் பூமியதிர்ச்சியாலும் கடற்பெருக்காலும் தீயாலும் அழிந்தது. நகரை மீளக் கட்டும் பொறுப்பை ஏற்ற அமைச்சர் பொம்பால் பிரபுவின் பொறியியலாளர்கள், செங்கல் கற் சுவர்களுக்குள்ளே குறுக்குச் சட்டங்களுடன் கூடிய மரக்கூடு ஒன்றை வைத்துக் கட்டும் முறையை வகுத்தனர். அந்நாட்டார் அதனைக் 'கையோலா', அதாவது பறவைக்கூடு என்று அழைப்பர். மாதிரி ஒன்றைக் கட்டி, அதனைச் சுற்றிச் சிப்பாய்களைத் தாளந் தவறாது நடக்கச் செய்து, நில அதிர்வை உண்டாக்கிச் சோதித்தார்கள் என்று ஒரு கதை அங்கே வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் மரக்கூடு உண்மை. லிஸ்பன் நகரின் பழைய வீதிகளில் அவ்வீடுகள் இன்றும் உள்ளன.

ஒழுங்கான சோதனை யப்பானிலே தொடங்கிற்று. 1891இல் அந்நாட்டின் நோபி சமவெளியில் நேர்ந்த பூமியதிர்ச்சி ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. மேல்நாட்டு முறையில் புதிதாகக் கட்டியிருந்த செங்கற் கட்டடங்கள் பல நொறுங்கின. அப்போது தோக்கியோவில் பணியாற்றிய ஆங்கிலேயர் ஜோன் மில்னும், யப்பானிய அறிஞர் பூசாகிச்சி ஓமோரியும் செங்கற் றூண்களை முன்னும் பின்னும் ஓடும் மேடையொன்றில் நிறுத்தி, எவ்வளவு வேகமாக உலுக்கினால் தூண் முறியும், எவ்வளவில் கவிழும் என்று அளந்தனர். அதன் முடிவுகளை 1893இல் வெளியிட்டனர். இக்காலத்து அதிர்வு மேடைகளுக்கெல்லாம் அதுவே மூத்தது எனலாம்.

ஸ்கொப்பியே மேடை 5 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்டது. அடியிலே எண்ணெயின் அமுக்கத்தால் இயங்கும் தண்டுகள் அதனைப் பக்கவாட்டிலும் மேலுங் கீழுமாகவும் அசைக்கும். எங்கேனும் நிகழ்ந்த உண்மையான பூமியதிர்ச்சியின் பதிவைக் கொடுத்தால், அதே நடுக்கத்தை மேடை மீண்டும் நடித்துக் காட்டும். 1979 ஏப்ரல் 15இல் மொன்ரநீக்ரோவின் கடலோரத்தைத் தாக்கிய அதிர்ச்சியின்போது பெற்றோவாச் என்னும் ஊரிலே கருவி பதிந்து வைத்த அசைவு, பின்னாளில் இம்மேடையில் பன்முறை 'நடிக்கப்பட்டது'.

சிறிதாக்கினால் வரும் சிக்கல்

மாணவ வாசகர்கள் இங்கே சற்று நின்று கணக்கைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தை ஆறில் ஒரு பங்காகச் சிறிதாக்கினால் நீளம் 1/6 ஆகும். சுவரின் குறுக்குப் பரப்பு 1/36 ஆகும். கன அளவு, அதனால் பாரமும், 1/216 ஆகிவிடும். பாரம் 216இல் ஒன்றாகக் குறைய, அதைத் தாங்கும் பரப்போ 36இல் ஒன்றாக மட்டுமே குறைகிறது. ஆகவே மாதிரிச் சுவரின் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் விழும் அழுத்தம், உண்மைச் சுவரில் விழுவதில் ஆறில் ஒன்றுதான். முன்னே சொன்ன புத்தக நிரையை நினைவு கூர்க. கையின் அழுத்தம் ஆறில் ஒன்றானால் நிரை எப்படி நிற்கும்? எறும்பு தன் உடலின் பன்மடங்கு பாரத்தைத் தூக்குவதும் யானைக்கு அது முடியாமற் போவதும் இதே கணக்கினால்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாதிரியின் மேல் ஈயம் போன்ற மேலதிகப் பாரங்களை ஏற்றி அழுத்தத்தைச் சரிக்கட்டுதல். குவிமாடமும் வளைவும் நிறைந்த கட்டடத்தில் பாரத்தை ஏற்றுவதற்கு இடங் காண்பதே தொல்லை. மற்றது, சொந்தப் பாரத்தின் அழுத்தத்தில் உள்ள குறையை அறிந்தே ஏற்றுக்கொண்டு, அதிர்ச்சியை மட்டும் கணக்குப்படி மாற்றுதல். பள்ளிவாசல் மாதிரிக்கு இவ்வழியே கையாளப்பட்டது. பொருள்கள் உண்மையிற் போலவே இருக்க, காலம் ஆறில் ஒன்றாகச் சுருங்கும். உலுக்கலின் முடுக்கம் ஆறு மடங்காகும். அதாவது 24 விநாடி நீடித்த பூமியதிர்ச்சி மேடையில் 4 விநாடியில் முடிந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் படபடப்பாகவே தோன்றும். கருவிகளே அதனை ஊன்றிப் பார்த்துப் பதிகின்றன.

ஓவியத்தின் பின்னே ஒரு சுவர்

பள்ளிவாசலுக்கு முன்னரே அந்த மேடையில் ஏறியது ஒரு தேவாலயம். நம் நோக்கில் இதுவே இக்கதையின் சுவை மிக்க பகுதி.

ஸ்கொப்பியேக்கு வடக்கே, மலைச்சாரலில், புனித நிக்கீற்றா தேவாலயம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்பிய அரசர் மிலுட்டின் கட்டுவித்தது. கல்லும் செங்கல்லும் மாறி மாறி வரி வரியாக அமைந்த அதன் புறச்சுவரே ஓர் அழகு. உட்சுவர்களிலோ மிக்கேல், எயுத்திக்கியோசு என்னும் இரு ஓவியர்கள் தீட்டிய சித்திரங்கள். அக்காலத்து ஓவியர் பலர் பெயரின்றி மறைந்துபோக, இவ்விருவர் மட்டும் தம் பெயரைச் சித்திரங்களிடையே எழுதி வைத்தனர்.

இப்போது பொறியியலாளரின் சங்கடத்தைப் பாருங்கள். சாதாரண வீடாயின், சுவரின் இரு புறமும் கம்பி வலை அடித்துச் சீமெந்து பூசிவிடலாம். இங்கே உட்புறம் பூசினால் ஓவியம் அழியும். வெளிப்புறம் பூசினால் செங்கல் வரிகளின் அழகு மறையும். உயிரைக் காப்பதாகச் சொல்லி முகத்தைச் சிதைக்கும் வைத்தியம் ஆகிவிடும். வைத்தியம் செய்யாது விட்டாலோ, ஒரு நாள் முகமும் உயிரும் சேர்ந்தே போகும்.

1990களில் ஸ்கொப்பியே நிறுவனமும், நாட்டின் நினைவுச்சின்னப் பாதுகாப்பு நிலையமும், அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் கூடி இதற்கு வழி தேடின. அதற்கான விடையைப் பழைய கொத்தர்களே சுவருக்குள் எழுதி வைத்திருந்தனர். பைசாந்திய காலத்துக் கொத்தர்கள் சுவரை எழுப்பும்போதே, குறிப்பிட்ட உயரங்களில் மர உத்தரங்களைச் சுவரின் நடுவே கிடையாகப் புதைத்து, கட்டடத்தைச் சுற்றி அரைஞாண் கட்டியது போல இறுக்கி வைத்தனர். அவர்களுக்கு அதிர்வெண்ணும் முடுக்கமும் தெரியாது. ஆனால் சுவர்கள் ஒன்றையொன்று விட்டு விலகலாகாது என்பது தெரிந்திருந்தது. நூற்றாண்டுகள் செல்ல, அம்மரங்கள் உளுத்துப் பொடியாயின. வெளியே தெரியாது, உள்ளே வெறுங் கூடு. அரைஞாண் அறுந்தும் மானங் காத்து நின்றன அத்தேவாலயங்கள்.

அவ்வாறே மரம் இருந்த இடத்தில் உருக்குக் கம்பிகளைச் செலுத்தி, செங்குத்தாகவும் சில கம்பிகளை வைத்து, வெடிப்புகளிலும் வெற்றிடங்களிலும் பழஞ் சாந்துக்கு ஒத்த கலவையைப் பாய்ச்சினால் என்ன? புறத்தே எதுவும் மாறாது. ஓவியத்துக்கும் ஊறு வராது. எண்ணம் அழகியதே. ஆனால் அது உண்மையிற் பலன் தருமா? எழுநூறு ஆண்டுத் தேவாலயத்தின் மீது அதனைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு எவர் துணிவர்?

ஆகவே நிக்கீற்றா தேவாலயத்தின் மாதிரியொன்றை இரண்டேமுக்காலில் ஒரு பங்கு அளவில் மேடையின் மீது கட்டினார்கள். பழஞ் சாந்தை ஆய்ந்து, அதற்கு நிகரான சாந்தைக் கூட்டினார்கள். முதலில் வலுவூட்டாத நிலையிலேயே, படிப்படியாக உலுக்கலைக் கூட்டிக்கொண்டு சென்று, பலத்த வெடிப்புகள் காணுமட்டும் வருத்தினார்கள். பின்னர் அந்த உடைந்த மாதிரியையே செப்பனிட்டு, கம்பியும் கலவையும் செலுத்தி, முன்பு அதனை உடைத்த அதிர்ச்சிகளையே மீண்டும் கொடுத்தார்கள். இம்முறை அது தாங்கிற்று. உலுக்கலை அதற்கும் மேலே கொண்டு சென்ற பின்னரும் முன்னைய அளவு சேதம் காணவில்லை. சுவர்கள் தனித்தனியே ஆடாமல், கட்டடம் முழுவதும் ஒரே பெட்டியாக ஆடியமையே காரணம்.

மூன்று கட்டச் சோதனை

இந்த அனுபவத்தின் பின்னரே முஸ்தபா பாஷா பள்ளிவாசலின் முறை வந்தது. 2004இல் தொடங்கிய ஐரோப்பியக் கூட்டு ஆராய்ச்சித் திட்டமொன்றை நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பெதெரிக்கோ மற்சோலானி முன்னின்று நடத்தினார். பழங் கட்டடங்களுக்குச் செய்யும் வலுவூட்டல், பிற்காலத்தில் அதனினும் நல்ல வழி கிடைக்கும்போது கழற்றிவிடத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் கொள்கை. எதிர்காலத்தார் தம்மிலும் அறிவுடையோராய் இருப்பர் என்று எண்ணும் இப்பணிவு எமக்கு மிகப் பிடித்திருக்கிறது. இத்திட்டத்தின்படி இத்தாலியின் பொசனோவா மடத்துத் தேவாலயமும் ஐந்தரையில் ஒரு பங்காகச் சிறுத்து ஸ்கொப்பியே மேடையேறியது. பெரும் இறையியல் ஞானி தோமஸ் அக்குவினாஸ் 1274இல் உயிர்நீத்த மடம் அது.

பள்ளிவாசல் மாதிரியை மூன்று கட்டமாகச் சோதித்தனர். முதற் கட்டத்தில் மெல்லிய உலுக்கல். மினாரா மட்டும் பழுதுபடுவதைக் காண்பது நோக்கம். அடுத்து, காபன் நாராலான பட்டிகளால் மினாராவை வலுவூட்டிவிட்டுக் கடுமையாக உலுக்கினர். இப்போது பள்ளிவாசலின் உடலே வெடிப்புக் கண்டது. மூன்றாவதாக, சுவர்களின் சாந்து வரிகளைச் சுரண்டி, காபன் நார்க் கம்பிகளை உள்ளே புதைத்து மூடினர். குவிமாடத்தின் அடியைச் சுற்றியும் அந்நாரினால் ஒரு கச்சை கட்டினர். வரிக்குள் மறைந்த கம்பி கண்ணுக்குத் தெரிவதில்லை. வலுவூட்டிய மாதிரி முன்னதைக் காட்டிலும் எவ்வளவோ கடுமையான அதிர்ச்சிகளைத் தாங்கியது. தாங்குகிறதே என்று அவர்கள் அத்துடன் நிறுத்தவில்லை. எங்கே, எவ்விதமாக, எதற்கு முன் எது உடைகிறது என்று அறிவதற்காக, பெருஞ் சேதம் காணும்வரை உலுக்கியே தீர்த்தனர்.

ஒவ்வொரு உலுக்கலுக்கும் முன்னும் பின்னும் மாதிரிக்கு 'நாடி' பார்த்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஊஞ்சலுக்குத் தனக்கென ஒரு தாளம் உண்டு. எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் அத்தாளத்திலேயே ஆடும். அவ்வாறே ஒவ்வொரு கட்டடத்துக்கும் இயல்பான அதிர்வெண் உண்டு. சுவரில் வெடிப்பு விழுந்தால், கண்ணுக்கு அது தெரியாவிடினும், கட்டடத்தின் விறைப்புக் குறைந்து தாளம் மந்தமாகும். செப்பனிட்டால் மீண்டும் விரைவாகும். வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்து உள்ளே நடப்பதைச் சொல்வது போல, வெடிப்பின் அளவை இதனால் அறியலாம்.

மருந்தே நோயானால்

கணக்கைப் போட்டு, பலமான பொருளைச் சேர்த்துவிட்டால் போதாதா, இவ்வளவு உடைத்துப் பார்ப்பது எதற்கு என்று கேட்போருக்கு இத்தாலியும் கிரேக்கமும் விடை சொல்லும்.

இத்தாலியின் உம்பிரியா மாகாணத்து மலையூர்களில், முன்னைய பூமியதிர்ச்சிகளுக்குப் பின்னர், பழங் கல்வீடுகளின் மரக்கூரைகளையும் மாடித் தளங்களையும் அகற்றிவிட்டுக் கொங்கிறீற்றுத் தளங்களை இட்டனர். கொங்கிறீற்று உறுதியானது, ஆகவே வீடும் உறுதியாகும் என்பது நம்பிக்கை. 1997இல் அங்கே பூமி மீண்டும் அதிர்ந்தபோது, உறுதியான பாரக் கூரை அசையாது நிற்க, அதன் கீழிருந்த நொய்ந்த கற்சுவர்கள் பிதுங்கி வெளியே வீழ்ந்தன. மெலிந்தவன் தோளில் இரும்புப் பெட்டியை ஏற்றிய கதையாயிற்று.

அதே பூமியதிர்ச்சியில்தான் அசிசி நகரத்துப் புனித பிரான்சிசு பேராலயத்தின் விபத்தும் நிகழ்ந்தது. 1997 செப்டெம்பர் 26, நள்ளிரவுக்குப் பின் முதல் அதிர்ச்சி. காலையில் சேதத்தைப் பார்வையிட மேற்கோயிலுள் சென்றிருந்தவர்கள் மீது, நண்பகலுக்குச் சற்று முன் வந்த இரண்டாம் அதிர்ச்சி, ஓவியந் தீட்டிய வளைவுக் கூரையின் பகுதிகளை வீழ்த்தியது. துறவியர் இருவரும் கட்டடப் பரிசோதகர் இருவருமாக நால்வர் மாண்டனர். வளைவின் மேற்புறத்தே, கூரைக்கும் வளைவுக்கும் இடையிலே, பழைய திருத்த வேலைகளின் கல்லும் ஓடும் மண்ணும் நூற்றாண்டு நூற்றாண்டாகக் குவிந்து கிடந்தமை ஒரு முக்கிய காரணம் எனப் பின்னர் கண்டனர். ஒவ்வொரு தலைமுறையும் செப்பனிட்டது. கழிவை அகற்ற மறந்தது. அக்குப்பையை நீக்கி, வளைவின் முதுகிலே செயற்கை நாராலும் மரத்தாலுமான மெல்லிய விலா எலும்புகளைப் பொருத்தி, 1999இல் ஆலயத்தை மீண்டும் திறந்தனர்.

அதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலின் கதை வேறு. பழங் கிரேக்கர் பளிங்குக் கற்களை இரும்புப் பற்றிகளால் இணைத்து, இரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி வார்த்தனர், துரு ஏறவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அதனைச் செப்பனிட்ட பலானோசு என்னும் பொறியியலாளர் ஈயக் காப்பின்றி இரும்பை வைத்தார். இரும்பு துருவேறிப் பருத்துப் பளிங்கையே பிளந்தது. பிற்காலத்தார் அவ்விரும்பைக் களைந்து தைத்தேனியம் என்னும் உலோகத்தை வைத்தனர். அதையும் எவ்வாறு வைத்தனர்? பளிங்கிலும் சற்று முன்னதாக உலோகமே விட்டுக்கொடுக்கும்படி அளவறிந்து வைத்தனர். பற்றி முறிந்தால் மாற்றலாம்; பீடியாசு காலத்துப் பளிங்கு முறிந்தால் மாற்றுவதற்கு வேறு ஏது?

அதே அதென்சில் பார்த்தினன் தூணொன்றை மூன்றில் ஒரு பங்கு அளவில் பளிங்கிலேயே கடைந்து உலுக்கிப் பார்த்தபோது, ஆராய்ச்சியாளரையே திகைக்கவைத்த ஒன்று வெளிப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருளைகள் தனித்தனியே தள்ளாடியும் வழுக்கியும் திரும்பியும் ஆடின. அதே தூணை அதே அதிர்ச்சியால் மறுமுறை உலுக்கினால், முன்போலவே ஆடும் என்பதற்கு உறுதியில்லை. நிற்கும் நிலையில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் முடிவு மாறிவிடுகிறது. ஆகவே, ஒரு சோதனையில் நின்றது என்பதால் என்றும் நிற்கும் என்று எவரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஸ்கொப்பியே மாதிரிகளுக்கும் இத்தகைய எல்லை உண்டு. புதிதாகக் கூட்டிய சாந்து எவ்வளவு பொருத்தமாயினும், ஐந்நூறு ஆண்டு மழையும் வெயிலும் உண்ட சாந்தாகி விடாது. மேடையோ அகன்ற பாறையைப் போல் அசைகிறது. உண்மைப் பள்ளிவாசலின் அடியிலுள்ள மண் அப்படியன்று. இவற்றை அறிந்துதான், மாதிரியைக் கட்டுவதுடன் நில்லாது, மேட்டிலுள்ள உண்மைப் பள்ளிவாசலுக்கும் சென்று நாடி பார்த்தார்கள். அதற்கு உலுக்கல் வேண்டியதில்லை. காற்று மோதுவதாலும், வீதியில் வண்டிகள் ஓடுவதாலும் கட்டடம் இடையறாது நுண்ணிதாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. கூருணர்வுக் கருவிகளைச் சுவரிலும் மினாராவிலும் வைத்து அந்நடுக்கத்தைப் பதிந்து, கட்டடத்தின் இயல்பான தாளம் இன்னதெனக் கணித்தார்கள்.

துருக்கி நாட்டின் உதவியுடன் பள்ளிவாசல் செப்பனிடப்பட்டு 2011இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2016 செப்டெம்பர் 11இல் ஸ்கொப்பியே மறுபடியும் அதிர்ந்தது; 1963ஐப் போன்ற கொடுமையில்லை எனினும் மக்கள் வீதிகளுக்கு ஓடி வந்து நின்றனர். அத்தகைய ஒவ்வோர் அதிர்ச்சியின் பின்னரும் சுவரில் வெடிப்பைத் தேடிக் கண் பூத்துப் போக வேண்டியதில்லை. கருவியை மீண்டும் வைத்து, தாளம் மாறியிருக்கிறதா என்று, முன்னே குறித்து வைத்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.